துபாயில் குடித்தனம்: மதுரைப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

அபுதாபியில் கல் கோயில் கட்டிவிட்டார்கள், துபாயில் ஜெபல் அலியிலும் ஒன்று வந்துவிட்டது, இனிமேல் துபாய் நம்மூர் மாதிரித்தான் என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். இன்னொரு கூட்டம், அங்கே விளக்குகூட ஏற்ற விடமாட்டார்களாமே, பொட்டு வைத்தால் பிடித்துக்கொண்டு போவார்களாமே என்று பயந்து சாகிறது. சோழவந்தானில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வகை ஆட்களும் வருகிறார்கள். கல்யாணமான கையோடு 2005இல் அங்கே போய், மகன் பிளஸ் டூ முடித்த பிறகு திரும்பியவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான்: கோயிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எந்தக் கட்டடத்தில், யார் பக்கத்தில் குடியிருக்கப் போகிறீர்கள் என்று விசாரியுங்கள்.

என் கொழுந்தனார் மகள் அடுத்த மாதம் கிளம்புகிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஏசி கம்பெனியில் வேலை. "பெரியம்மா, நீங்க இருந்த காலம் வேற, இப்ப எல்லாம் வந்துருச்சு" என்கிறாள். வந்துவிட்டதுதான், இல்லை என்று யார் சொன்னது? ஜெபல் அலி கோயில் 2022 அக்டோபரில் திறந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். பதினாறு சந்நிதி. நம் முருகன் இருக்கிறான், ஐயப்பன், குருவாயூரப்பன் இருக்கிறார்கள், சீக்கியர்களின் வேதநூலான குரு கிரந்த சாகிப்புக்கும் தனி இடம் உண்டு. சுற்றிலும் தேவாலயங்கள், சீக்கியர்களின் குருத்வாரா. ஆரம்பத்தில் போனில் நேரம் பதிவு செய்துகொண்டுதான் போக முடிந்தது. அபுதாபிக் கோயில் 2024 பிப்ரவரி 14 அன்று திறந்தது. ராஜஸ்தானிலிருந்து வந்த இளஞ்சிவப்புக் கல், ஏழு எமிரேட்டுகளைக் குறிக்க ஏழு சிகரம், நிலம் அந்த ஊர் ஆட்சியாளர் கொடுத்தது. பார்க்கப் பார்க்கக் கண் நிறையும், அதை மறுக்கவில்லை.

ஆனால் அது இருப்பது அபு முரைக்கா என்ற இடத்தில், துபாய்க்கும் அபுதாபிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி. கார் இல்லாத குடும்பம் விடுமுறை நாள் பார்த்துத்தான் கிளம்ப முடியும். ஜெபல் அலிக்கே துபாயின் கராமா பகுதியிலிருந்து மெட்ரோ பிடித்து, அப்புறம் டாக்ஸி பிடித்து, கும்பிட்டுவிட்டு வீடு வந்து சேர அரை நாள் போய்விடும். ஆக, கோயில் என்பது மாதத்தில் ஏதோ ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அந்த ஃப்ளாட்டும், அதன் கதவும், கதவுக்கு எதிரே இருக்கிற கதவும்தான்.

எனக்கென்னவோ பழைய புர் துபாய் சந்துதான் பிடிக்கும். துணிச் சந்தைக்குப் பின்னால், கடலிலிருந்து உள்ளே வரும் க்ரீக்கை ஒட்டி ஒரு குறுகலான சந்து, இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஹிந்தி லேன் என்பார்கள். தேங்காய், சூடம், குங்குமம், சாமிப் படம், கோத்த பூ எல்லாம் இரண்டு பக்கமும் அடுக்கியிருக்கும். படியேறினால் மாடியில் ஸ்ரீநாத்ஜி என்கிற கிருஷ்ணன், அங்கேயே கொஞ்சம் தள்ளிச் சிவன். 1958இல் ஷேக் ராஷித் காலத்தில் அனுமதி வாங்கி, சிந்திக்காரர்கள் கட்டிக் காத்த இடம். அந்தச் சமயம் அந்த ஊரில் நம் ரூபாய்தான் செலாவணி. 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அடித்துக் கொடுத்தது, 1966 வரை அது புழங்கியது. அங்கே துணிக்கடை வைத்திருந்த ஒரு சிந்திப் பெரியவர், தன் அப்பா ரூபாயில் கணக்கு எழுதிய நோட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். நாம்தான் முதலில் போனோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சிவன் கோயிலை 2024 ஜனவரியில் ஜெபல் அலிக்கு மாற்றிவிட்டார்கள். டெய்ராவிலிருந்து ஒரு திர்ஹம் கொடுத்து ஆப்ராப் படகில் இக்கரைக்கு வந்து, கும்பிட்டுவிட்டு, இரண்டு முழம் மல்லியோடு நடந்தே வீடு திரும்பிய காலம் போயிற்று.

சரி, வீட்டுக்கு வருவோம். புதிதாகப் போகிற குடும்பத்துக்குத் தனி ஃப்ளாட் கட்டுப்படியாகாது. ஷேரிங்தான்: ஓர் அறை நமக்கு, இன்னோர் அறை வேறு குடும்பத்துக்கு, சமையலறை பொது. இதில் முதலில் கேட்க வேண்டியது வாடகையை இல்லை, ஒப்பந்தம் யார் பேரில் இருக்கிறது என்பதை. அதை ‘இஜாரி’ என்ற பதிவில் ஏற்றியிருக்க வேண்டும், கூடக் குடியிருப்பவர்களின் பெயரும் அதில் சேர வேண்டும். வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது சட்ட விரோதம். பலகை வைத்து அடைத்த ‘பார்ட்டிஷன்’ அறைகளை மாநகராட்சி ஆட்கள் வந்து பிரித்துப் போட்டுவிடுவார்கள், அன்று ராத்திரி சட்டி பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். மலிவாகக் கிடைக்கிறது என்று கைக்குழந்தையோடு அதில் போய் விழாதீர்கள்.

இரண்டாவது, அடுப்படி. அசைவம் சமைக்கலாமா, எந்த நாளில் கூடாது, மாட்டிறைச்சி வருமா, காலையில் அடுப்பு யாருக்கு எத்தனை மணிக்கு, இதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை, பேசுங்கள். பின்னால் புரட்டாசி சனிக்கிழமையில் வெடிக்கிற சண்டைக்கு இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது நெருப்பு. நம் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணிப் புகை தெருமுனை வரை போகும். அங்கே ஒவ்வொரு அறையிலும் கூரையில் புகையைக் கண்டுபிடிக்கும் கருவி உண்டு. எங்களோடு இருந்த நாகர்கோவில் குடும்பம் ஒரு நாள் தூபக்காலைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாகச் சுற்ற, கட்டடம் முழுக்க மணி அலறி, நாலு மாடி ஆட்களும் கைலியோடும் நைட்டியோடும் படியிறங்கி வெளியே நின்றார்கள். நாத்தூர், அதாவது நாம் வாட்ச்மேன் என்கிற ஆள், ஒரு பெஷாவர்க்காரர், மேலே வந்து தூபக்காலைப் பார்த்துவிட்டு, "பகூரா?" என்று கேட்டுச் சிரித்தார். அரபிகள் வீட்டிலும் நம் சாம்பிராணி மாதிரி பகூர் என்று புகை போடுவார்கள், அதனால் அவருக்கு அது புதிதில்லை. ஆனால் அந்த ஆள் மாறி வேறொருவர் இருந்திருந்தால் வீட்டுக்காரருக்குப் புகார் போயிருக்கும்.

நான் செய்தது இதுதான். சமையலறையில் ஓர் அலமாரியின் மேல்தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மீனாட்சி படம், ஜெனகை மாரியம்மன் காலண்டரிலிருந்து வெட்டி மரச்சட்டம் போட்ட படம், ஒரு சின்னப் பிள்ளையார். ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஒற்றைத் திரி நெய்விளக்கு. திரி சரிந்தாலும் தண்ணீரில்தான் விழும். அடுப்புக்கு மேலே இருக்கிற புகை இழுக்கும் விசிறியை ஓட விட்டால் ஊதுபத்தி ஒன்றை அது தாங்கும். சூடம் மட்டும் வீட்டுக்குள் வேண்டாம், அது கக்கும் கரும்புகைக்கு எந்த விசிறியும் காணாது. விளக்கு எரியும்போது கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போவதும் கூடாது. கோலத்தை வாசலுக்கு வெளியே வராண்டாவில் போடாமல், நிலைக்கு உட்புறம் போட்டேன். வராண்டா பொது இடம், துடைக்கிற பையனுக்கு இரட்டை வேலை, மாவுக்கு எறும்பும் வரும். மாவிலைத் தோரணம் கட்டினால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பால்கனியில் துணி காயப்போட்டால்தான் அபராதம் என்று மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

எதிர் ஃப்ளாட்டில் கீழக்கரைக் குடும்பம். அந்த வீட்டு அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் இல்லாவிட்டால் முதல் வருஷத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன் என்று இப்போதும் சொல்வேன். ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் நமக்கு ரொம்ப முன்னாலேயே அங்கே போனவர்கள். கீழக்கரை பி.எஸ். அப்துர் ரகுமான் அவர்களின் ஈ.டி.ஏ. கம்பெனிக்கு வேலைக்கு என்று நம் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள், மதமெல்லாம் பார்த்தா எடுத்தார்கள்? லாத்தாவின் மாமனாரும் அந்த வழியில் வந்தவர்தான். எந்த மீன் எந்த மார்க்கெட்டில், மகப்பேற்றுக்கு எந்த ஆஸ்பத்திரி, பஸ்ஸில் பெண்களுக்கு எந்தப் பக்கம் இருக்கை, போலீஸ் கேட்டால் எந்த அட்டையைக் காட்ட வேண்டும் என்று எல்லாம் சொல்லித் தந்தவர் அவர். "ஏன் புள்ள, இங்க வந்து அழுவுறதுக்கா ஒங்க அம்மா அனுப்பிச்சு வச்சாக?" என்று அதட்டிவிட்டு ஒரு தட்டில் தொதல் அல்வா வெட்டி வைப்பார். எங்கள் வீட்டு அதிரசம் அவர் வீட்டுக்குப் போகும். நான் மாசமாக இருந்தபோது அந்த வீட்டில் சமைத்த புளிச்சோறுதான் வயிற்றில் தங்கியது. இந்து வீடு பக்கத்தில் இருந்தால்தான் குடியேறுவேன் என்று தேடுகிறவர்களிடம் நான் சொல்வது, தமிழ் பேசுகிற வீடு பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்பது ரெண்டாம்பட்சம்.

ரம்ஜான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடாதீர்கள், தண்ணீர் குடிக்காதீர்கள், பஸ்ஸில் சூயிங்கம்கூட வேண்டாம். ஹோட்டல்கள் திரை போட்டு மறைக்க வேண்டும் என்ற விதியை 2021இல் துபாயில் எடுத்துவிட்டார்கள், ஆபீஸ்களிலும் தனி அறை கொடுப்பார்கள், அதனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, தெருவில் மட்டும் அடக்கமாக இருந்தால் போதும். சாயங்காலம் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் லாத்தாவின் மகன் தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவான். வாங்கிய தூக்கை வெறுமனே திருப்பித் தருவது நம் பழக்கமில்லையே, ஆக நான் அதில் எதையாவது போட்டுக் கொடுக்க, அந்த மாதம் முழுக்க அது இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடக்கும்.

பண்டிகைகளில் எல்லாமே கொஞ்சம் சுருக்கம்தான். பொங்கல் கேஸ் அடுப்பில் பொங்கும், கரும்பு கராமாக் கடைகளுக்கு வந்துவிடும். பிள்ளையாரை வாளித் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினோம். கடலுக்கோ க்ரீக்குக்கோ தூக்கிக்கொண்டு போகிற வேலை வேண்டாம். நாலு குடும்பம் வீட்டில் கூடிப் பஜனை பாடினால் யாரும் கேட்பதில்லை. மண்டபம் எடுத்து மைக் கட்டினால் அதற்கு அனுமதி வேண்டும், வில்லாவை வாடகைக்கு எடுத்துக் கோயில் மாதிரி நடத்துவது நடக்கவே நடக்காது. முஸ்லிம் அல்லாதவர்களின் வழிபாட்டு இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 2023இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் வெள்ளி, சனி விடுமுறை. வெள்ளிக்கிழமை லீவு என்றால் அம்மன் கும்பிடுகிற நமக்கு வேறென்ன வேண்டும்? 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள் என்று மாற்றிவிட்டார்கள். உலகத்தோடு வியாபாரம் பண்ண அது வசதியாம். எங்களுக்கு நஷ்டம்தான்.

நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அழகர் வைகையில் இறங்குவதை நேரலையில் பார்க்க விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து உட்கார வேண்டும். வீட்டுக்குப் பால் காய்ச்ச நல்ல நேரம் குறித்து அனுப்புகிற மாமனார்கள் அது எந்த ஊர் நேரம் என்று சேர்த்து எழுதிவிட்டால் புண்ணியமாகப் போகும். ராகு காலம் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது, சோழவந்தான் உதயத்தை வைத்துத் துபாயில் பால் காய்ச்சினால் யாருக்கு என்ன பலன் கிடைக்குமோ தெரியாது. அதோடு வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், பேச முடியாது; அந்த நாட்டில் அதில் அழைப்பைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். போட்டிம் மாதிரி அனுமதித்த செயலியைக் கிளம்புவதற்கு முன்னாலேயே அம்மா, அப்பா போனில் ஏற்றி, எப்படி எடுப்பது என்று பழக்கிவிட்டுப் போங்கள். போய் இறங்கிய பிறகு போனில் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்தால், எந்தப் போனில் சொல்லிக் கொடுப்பீர்கள்?

போனைப் பற்றிச் சொல்லும்போதே இன்னும் இரண்டு விஷயம், இதுதான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிற இடம். வைகாசியில் இங்கே ஜெனகை மாரியம்மனுக்குத் திருவிழா. பால்குடம், தீச்சட்டி, பூக்குழி என்று ஊரே திரளும். அந்த நேரத்தில் அங்கே இருக்கிற பையன்களுக்கு மனசு அடித்துக்கொள்ளும், நாமும் ஏதாவது செய்வோம் என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ண ஆரம்பிப்பார்கள். அமீரகத்தில் உரிமம் பெற்ற அமைப்புகளைத் தவிர வேறு யாரும் நன்கொடை திரட்டக் கூடாது. 2021இல் வந்த சட்டம், ஜெயிலும் உண்டு, பெரிய அபராதமும் உண்டு. கோயிலுக்கு என்றாலும், செத்தவன் குடும்பத்துக்கு என்றாலும் அதே சட்டம்தான். கொடுக்க நினைக்கிறவர் தன் சம்பளத்தில் தன் கணக்கிலிருந்து ஊருக்கு அனுப்பி, ஊரில் இருக்கிற அண்ணனோ தம்பியோ கொண்டுபோய்க் கட்டட்டும். குழுவில் பட்டியல் போடுவது, வசூல் விவரம் எழுதுவது எல்லாம் நமக்கு நாமே சாட்சி எழுதிக் கொடுப்பதுதான்.

இன்னொன்று, நம்மூர் மதச் சண்டை வீடியோக்கள். எந்த மதத்தையும் இழிவாகப் பேசுவது, பரப்புவது அங்கே 2015இலிருந்தே தனிச் சட்டப்படி குற்றம். நம் மதத்தை ஒருவர் திட்டினாலும் அதே குற்றம்தான், அந்த வகையில் அது நமக்கும் காவல். ஆனால் மதுரையில் எவனோ எடுத்துவிட்டதை டீக்கடையில் பார்த்துச் சிரிக்கிற மாதிரி அங்கே உட்கார்ந்துகொண்டு நாலு பேருக்கு அனுப்பிவிட்டால் வேலை, விசா எல்லாம் போய்விடும். கல்யாணச் செய்தியும் வளைகாப்புப் படமும் மட்டும் வருகிற குழுக்களில் இருங்கள். பொழுது போகவில்லை என்றால் நாடகம் பாருங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் கதை இது. சோனாப்பூர் பக்கம் தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிற பையன்களுக்கு நிலைமை வேறு. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துப் பையன்கள் எங்கள் வீட்டுக்கு தீபாவளி, பொங்கலுக்கு வருவார்கள். அடுக்குக் கட்டிலும் ஒரு இரும்பு அலமாரியும்தான் அவர்கள் வீடு. அலமாரிக் கதவின் உட்பக்கம் கருப்பசாமி படம் ஒட்டியிருப்பார்கள், கதவைத் திறந்தால் கும்பிடு, மூடினால் முடிந்தது. வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு இரண்டு சொல்கிறேன். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே சட்டப்படி தவறு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. கிளம்புவதற்கு முன் ஏஜெண்டின் பெயர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மாமா பையன் சொன்னான், மச்சான் சொன்னான் என்று பணம் கட்டாதீர்கள்.

அந்தப் பையன்களில் ஒருவன் தூக்கத்திலேயே போய்விட்டான். மாரடைப்பு. உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே தகனம் பண்ணுவதா என்று அவன் வீட்டில் முடிவெடுக்க முடியாமல் நாள் போனது, அப்பாவுக்குத் திகைப்பு, அம்மாவுக்கு நினைவே இல்லை. ஜெபல் அலியில் இந்துக்களுக்குத் தகன மேடை இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. அங்கே தகனம் செய்ய ஊரிலிருந்து வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். போலீஸ் கடிதம், இறப்புச் சான்றிதழ், விசா ரத்து, நம் தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து செய்து தடையில்லாச் சான்று, இவ்வளவும் முடிந்தால்தான் எதுவும் நடக்கும். உடலை அனுப்ப வழியில்லாத குடும்பத்துக்குத் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். அந்தப் பையன் விஷயத்தில் கடைசியில் அங்கேயே தகனம் நடந்தது, கூட இருந்தவன் ஒருவன் அஸ்தியையும் சான்றிதழ்களையும் கைப்பையில் வைத்து விமானத்தில் கொண்டுவந்து சேர்த்தான். கேட்க நன்றாக இல்லைதான், ஆனாலும் கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட், விசா நகல்களை ஊரில் ஒருவரிடம் கொடுத்து, எதாவது ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்துவிட்டுப் போங்கள். கொஞ்சம் சேமிப்பு இருக்கிற குடும்பங்கள் உயிலும் பதிவு செய்துவிடலாம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்று துபாயில் 2015 முதல் அதற்குத் தனி அலுவலகம் இருக்கிறது. செய்யாவிட்டால் கணவர் பேரில் இருக்கிற வங்கிக் கணக்கு முடங்கி, பள்ளிக் கட்டணம் கட்டக்கூட மனைவி அலைய வேண்டி வரும்.

காகித வேலை கொஞ்சம். குடும்ப விசா எடுக்கக் கணவருக்கு மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 சம்பளமும் கம்பெனி தருகிற வீடும். திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் பண்ணின ரசீது செல்லாது, சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த திருமணச் சான்றிதழ்தான் செல்லும். அதுவும் சென்னையில் மாநில அரசு, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கி வர வேண்டும். நம் ஆட்களுக்கு இன்னொரு வில்லங்கம் பெயரில். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிக்காமல் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், விசிட் விசாவில் உள்ளே விட மறுக்கிறார்கள், 2022 நவம்பரிலிருந்து இந்த விதி. பேரன் பிறந்தான் என்று பார்க்கக் கிளம்புகிற தாத்தா பாட்டி பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அரபி கட்டாயப் பாடம், இஸ்லாமியப் பாடம் முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும்தான். என் மகன் கடையில் அரபியில் பேரம் பேசுவான், தமிழ் எழுதச் சொன்னால் ‘ழ’வுக்கு முழிப்பான். அதற்கு வீட்டில்தான் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும், வேறு வழியில்லை.

கடைசியாகப் பெட்டி கட்டுவது. எங்கள் வீட்டில் இப்போது நடக்கிற பஞ்சாயத்தே இதுதான். கொழுந்தனார் மனைவி மகளுக்காகக் கறிக்குழம்புப் பொடி திரித்து வைத்திருந்தாள், நல்ல மணம். என்னென்ன போட்டாய் என்று கேட்டேன். மல்லி, மிளகாய், சோம்பு, கசகசா என்றாள். அப்படியே எடுத்து வெளியே வை என்றேன். கசகசா அங்கே போதைப் பொருள் பட்டியலில் இருக்கிறது. தனியாகப் பொட்டலத்தில் இருந்தாலும் சரி, பொடியில் அரைத்திருந்தாலும் சரி, விமான நிலையத்தில் பிடிபட்டால் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போக முடியாது. புதிதாகத் திரிக்கச் சொன்னேன், அம்மியைக் கழுவிவிட்டு. மருந்துகளிலும் இப்படித்தான்: கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாதிரி வலி மாத்திரை எல்லாம் அங்கே கட்டுப்பாட்டில் இருக்கிறவை. மருத்துவர் சீட்டு இல்லாமல், முன் அனுமதி பார்க்காமல் ஒன்றும் வைக்காதீர்கள்.

அடுத்து வெற்றிலை. இதில்தான் சோழவந்தான்காரிகளான எங்களுக்கு வயிற்றெரிச்சல். புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை, கொடிக்காலில் பிறந்து வளர்ந்த பெண், ஆனால் துபாய் சுங்கத்துறையின் தடைப் பட்டியலில் வெற்றிலை இருக்கிறது, பான் போட்டுத் துப்பித் துப்பித் தெருவை நாசம் பண்ணினதால் வந்த வினை. எங்கள் வீட்டு நவராத்திரிக்கு நான் வைத்துக் கொடுத்த தாம்பூலத்தில் மஞ்சள், குங்குமம், வாழைப்பழம், ரவிக்கைத் துணி, மல்லிகைப் பூ இருக்கும். வெற்றிலை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மாவிலை. வந்த பெண்கள் யாரும் குறை சொல்லவில்லை. பூவுக்குக் கவலை வேண்டாம், மதுரை மல்லி விமானமேறி வந்துவிடுகிறது. விலையை மட்டும் ரூபாயில் மாற்றிப் பார்க்காதீர்கள்.

மாவு அரைக்கிற டேபிள்டாப் கிரைண்டரை எடுத்துப்போகலாமா என்று கேட்கிறாள். தாராளமாக. மின்சாரம் இங்கே மாதிரி 230 வோல்ட்தான், பிளக்கில் மட்டும் தட்டையாக மூன்று முள் இருக்கும், அடாப்டர் கராமாவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பிரச்சினை எடைதான். சீரில் வந்த பித்தளைக் குத்துவிளக்கையும் வைத்துக் கிரைண்டரையும் வைத்தால் விமான அளவைத் தாண்டுகிறது. அவள் அம்மா குத்துவிளக்குதான் போக வேண்டும் என்கிறாள், நான் கிரைண்டர் கட்சி. இன்னும் முடிவாகவில்லை.